அடுப்படிக்கு ஒன்பது இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன்: வாங்கலாமா, எங்கே மாட்டுவது?

கிருஷ்ணகிரியில் எலக்ட்ரிகல் கடைக்குப் போய் "வீட்டுக்குள்ள புகை, நெடி தங்குது" என்று சொன்னால் மூன்று பொருள்களைக் காட்டுவார்கள்: சுவரில் பதிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், அடுப்புக்கு மேல் தொங்கும் சிம்னி, ஹாலில் வைக்கும் ஏர் ப்யூரிஃபையர். விலையில் முதலாவதுதான் மிகக் குறைவு. அடுப்படியின் ஒரு சுவராவது வெளிச்சுவராக இருந்தால், முதலில் வாங்க வேண்டியதும் அதுதான். ஒன்பது இன்ச் உலோக எக்ஸாஸ்ட் ஃபேனை நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். ஆனால் இதைத் தவறான இடத்தில் மாட்டினால் சத்தம்தான் வரும், புகை போகாது. அதனால் இந்த மதிப்பீட்டில் ஃபேனைப் பற்றிச் சொல்வதைவிட அது உட்காரும் சுவரைப் பற்றிச் சொல்வதே அதிகம்.

கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டோமே, இன்னும் என்ன புகை என்று கேட்பவர்கள் உண்டு. விறகோடு ஒப்பிட்டால் கேஸ் பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புகை தீயிலிருந்து மட்டும் வருவதில்லை, சட்டியிலிருந்தும் வருகிறது. எண்ணெய் காய்ந்து வரமிளகாய் தாளிக்கும்போது, கருவாடு வறுக்கும்போது, சாயங்காலம் பஜ்ஜி போடும்போது எண்ணெய்த் துளிகள் நுண்துகள்களாகக் காற்றில் கலக்கின்றன. இவற்றில் 2.5 மைக்ரானுக்கும் சிறியவற்றைத்தான் பிஎம் 2.5 என்கிறோம். மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் இவற்றைப் பிடித்து நிறுத்துவதில்லை, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். கேஸின் நீலச் சுடர் கூட நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு இது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி இறுக்கும். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது.

அளவுகோலும் தெரிந்திருக்கட்டும். பிஎம் 2.5-க்கு 24 மணி நேர சராசரியாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியாவின் வெளிக்காற்றுத் தரம் 60 மைக்ரோகிராம். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் பெரும்பங்கு விறகு, சாணி, கரி எரிக்கும் வீடுகளில் நேர்வது. நாளுக்கு மூன்று மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிறவர் யார் என்று பார்த்தால், இது யாருடைய நுரையீரல் பற்றிய பேச்சு என்பது விளங்கும்.

எந்த அளவு ஃபேன்

அடுப்படியின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்குங்கள். 8 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் 800 கன அடி. அதை 35.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22.7 கன மீட்டர். சமையல் நேரத்தில் மணிக்கு 15 முதல் 20 தடவை அந்த அறையின் காற்று முழுதும் மாற வேண்டும். 20 என்று வைத்தால் மணிக்கு 453 கன மீட்டர்.

கடையில் ஃபேன் டப்பாவில் 'ஏர் டெலிவரி' என்று அச்சிட்டிருப்பார்கள். அது எந்தத் தடையும் இல்லாமல் ஃபேனைச் சுழலவிட்டு எடுத்த அளவு. சுவர்த்துளை, ஷட்டர், பறவைக் கம்பிவலை எல்லாம் சேர்ந்தால் அந்த அளவு நிஜத்தில் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அப்படியானால் மேலே சொன்ன அடுப்படிக்கு டப்பாவில் மணிக்கு 700 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆறு இன்ச் பிளாஸ்டிக் ஃபேன்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை, அவை பாத்ரூமுக்கு உரியவை. ஒன்பது இன்ச் உலோக வகையிலும் எல்லாம் 700-ஐத் தாண்டுவதில்லை. இன்ச் அளவை மட்டும் பார்த்து வாங்காமல் அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்குங்கள்.

சத்தத்தையும் கடையிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். ஒன்பது இன்ச் ஃபேன்கள் நிமிடத்துக்கு 1,300, 1,400 சுற்று ஓடுபவை, இரைச்சல் உண்டு. சுவரில் இடமிருந்தால் 900 சுற்றில் ஓடும் பன்னிரண்டு இன்ச் வகையை எடுப்பது நல்லது. காற்று கூடுதலாகத் தள்ளும், காதுக்கும் இதம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எக்ஸாஸ்ட் ஃபேன் பயனில்லாமல் போவதற்கு முதல் காரணம் பழுது இல்லை, சத்தம் தாங்காமல் அணைத்து வைத்துவிடுவதுதான். கரண்ட் செலவுக்குப் பயந்து அணைக்கத் தேவையில்லை. 50 வாட் ஃபேன் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் மாதம் நாலரை யூனிட்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2312 என்ற எண்ணும் உள்ளதா என்று பாருங்கள். பேரிங் உள்ளதா, புஷ் உள்ளதா என்று கேளுங்கள். அடுப்பு வெக்கையில் புஷ்ஷின் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும், பேரிங் நீண்ட நாள் வரும்.

காற்று எங்கிருந்து உள்ளே வரும்?

மாட்டுகிறவர்கள் அதிகம் மறக்கும் கேள்வி இது. ஃபேன் வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் ஈடாக ஒரு கன மீட்டர் வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி இல்லை என்றால் ஃபேன் சுழலும், காற்று நகராது.

மணிக்கு 453 கன மீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 0.126 கன மீட்டர். காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிதானமாக உள்ளே வர வேண்டும் என்றால் 0.126 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் முதல் ஒன்றரை சதுர அடி திறப்பு வேண்டும். இரண்டரை அடி அகலக் கதவின் அடியில் ஒரு இன்ச் சந்து விட்டால் கிடைப்பது கால் சதுர அடிக்கும் குறைவு. கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி ஃபேனை ஓட்டினால் புகை ஏன் போவதில்லை என்பதற்கு இதுதான் கணக்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தையில் குளிருக்காக வீடு முழுக்க அடைத்துவைக்கும் வழக்கம் உண்டு. அந்த மாதங்களிலும் சமைக்கும் நேரத்துக்காவது ஒரு திறப்பு வேண்டும்.

அடுத்த தவறு, ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்துவைப்பது. வெளிக்காற்று ஜன்னல் வழியாக வந்து, நேராக ஃபேனுக்குள் போய், வெளியே போய்விடும். அடுப்பின் மேல் நிற்கும் புகை நின்ற இடத்திலேயே நிற்கும். ஜன்னலும் ஃபேனும் ஒரே சுவரில் உள்ள வீடுகளில் ஃபேன் ஓடும்போது அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறக்க வேண்டும். காற்று ஹால் பக்கமிருந்து வந்து, சமைப்பவரின் முதுகைத் தொட்டு, அடுப்பைக் கடந்து, ஃபேன் வழியாகப் போக வேண்டும். இந்த வரிசை அமைந்தால் புகை முகத்துக்கு வராது.

எதிர்ப்பக்கத் திறப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகள், பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் லாரிகள் போகும் பாதையோர வீடுகள் சாலைப்பக்க ஜன்னலைத் திறந்தால் அடுப்புப் புகைக்குப் பதில் சாலைப் புழுதி உள்ளே வரும். கிரானைட் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலுக்கு ஆகாது. கொல்லைப்புறம், உள்முற்றம், மாடிப்படிப் பக்கம் என்று புழுதி குறைந்த இடத்திலிருந்து காற்று வர வழி செய்யுங்கள். கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் வலையில் பிசுக்கும் தூசியும் அப்பியிருக்கிறதா பாருங்கள். அடைத்துப்போன வலை மூடிய ஜன்னலுக்குச் சமம்.

ஃபேன் அடுப்புக்கு நேர் மேலே, அல்லது அதை ஒட்டிய சுவரில், கூரைக்கு அருகே இருக்க வேண்டும். சூடான புகை மேலே எழுந்து கூரையடியில் தேங்கும். பரண் உள்ள அடுப்படியில் பரணுக்கு மேல் ஃபேன் வைத்தால் புகை பரணுக்குக் கீழேயே மடங்கி முகத்துக்கு வரும். அங்கே பரணுக்குக் கீழ்தான் துளை போட வேண்டும். அடுப்பு ஒரு மூலை, ஃபேன் எதிர் மூலை என்றால் புகை அறையைக் குறுக்காகக் கடந்துதான் போகும், நடுவில் நிற்பவர் அதைச் சுவாசிப்பார்.

மாட்டும் வேலை

துளையின் அளவை டப்பாவில் உள்ள படத்தில் பார்த்து, கொத்தனார் வருமுன்பே சுவரில் வரைந்துவையுங்கள். பீம், லிண்டல், சுவருக்குள் போகும் கரண்ட் பைப் எதையும் வெட்டக்கூடாது. உளியால் இடிப்பதைவிட கோர் கட்டிங் மிஷின் சுத்தமாகத் துளை போடும். ஹாலோ பிளாக் சுவரில் துளையின் ஓரங்களைச் சிமெண்ட் வைத்து அடைக்காவிட்டால் காற்று பிளாக்கின் பொந்துகளுக்குள் சுற்றும், கரப்பானும் குடியேறும். துளையின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சற்றே சரிய வேண்டும். ஐப்பசி மழையின் சாரல் உள்ளே வழியாமலிருக்க இதுவும் வெளியே ஒரு மூடியும் போதும். வெளியே அரை இன்ச் கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள், குருவியும் புறாவும் கூடு கட்டாது. கொசுவலை போடாதீர்கள், ஒரே மாதத்தில் எண்ணெய் ஏறி அடைத்துக்கொள்ளும்.

உலோக உடம்பு, ஈரக் கை, எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் சேருமிடம் இது. மூன்று பின் பிளக், எர்த் வயர் கட்டாயம். பச்சை வயரை வெட்டிச் சுருட்டி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது, கூட நின்று பாருங்கள். ஓடவிட்டபின் காற்று வெளியேதான் போகிறதா என்றும் சோதியுங்கள். இணைப்பு மாறிப்போனால் இறக்கை எதிர்த்திசையில் சுற்றும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

சோதனைக்கு ஓர் ஊதுபத்தி போதும். அடுப்பின் மேல் பிடித்தால் புகை ஃபேனை நோக்கிச் சாய வேண்டும். அடுப்படி வாசலில் பிடித்தால் புகை உள்பக்கமாகச் சாய வேண்டும், ஹால் பக்கம் போகக்கூடாது. சாயவில்லை என்றால் ஃபேனைக் குறை சொல்லுமுன் எதிர்த் திறப்பை அகலமாக்கிப் பாருங்கள்.

பழையபேட்டை போல வீட்டுக்கு வீடு மூன்றடிச் சந்து மட்டும் உள்ள தெருக்களில் ஃபேனின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்திருந்தால், உங்கள் தாளிப்பு நெடி அவர்கள் படுக்கையறைக்குப் போகும். வெளியே மேல்நோக்கித் திரும்பிய தகர மூடி வைத்து, காற்றை மொட்டை மாடி உயரத்துக்கு அனுப்புங்கள். இதற்கென்று பத்தடி பிவிசி பைப்பைச் செருகுவது வேண்டாம். இந்த வகை இறக்கை ஃபேனுக்குப் பைப் வழியாகத் தள்ளும் அழுத்தம் கிடையாது.

எப்போது போடுவது, எப்போது அணைப்பது

அடுப்பைப் பற்றவைக்க இரண்டு நிமிடம் முன்பே போடுங்கள், காற்றோட்டம் முதலில் உருவாகட்டும். சமையல் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். மணிக்கு 20 தடவை காற்று மாறினால், மூன்று நிமிடத்தில் அறையிலுள்ள துகளில் ஏறக்குறைய 37 சதவீதம் மிஞ்சும், ஒன்பது நிமிடத்தில் 5 சதவீதம். பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால் போதும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவது. பஜ்ஜி, வறுவல், மிளகாய் வறுத்த நாள்களில் கால் மணி நேரம்.

மாதம் ஒரு முறை இறக்கையையும் ஷட்டரையும் துடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, இறக்கையைக் கழற்றி, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். அலுமினிய இறக்கைக்குக் காஸ்டிக் சோடா வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும். மோட்டார் மேல் தண்ணீர் படவே கூடாது. ஒரு இறக்கையில் மட்டும் பிசுக்கு கூடுதலாக ஏறினால் எடை மாறி அதிர்வு வரும், அதிர்வால் பேரிங் தேயும், தேய்ந்தால் சத்தம். ஷட்டர் தகடுகள் பிசுக்கால் ஒட்டிக்கொண்டு பாதிதான் திறந்தால் காற்றும் பாதிதான் போகும். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடினாலோ முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள், வைண்டிங் போயிருக்கத் தேவையில்லை. கிராமத்து லைனில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையும். அதற்கு ஃபேன் பொறுப்பில்லை.

இதனால் ஆகாதவை

விறகடுப்பு. தினம் ராகிக் களி கிண்டும் வீடுகளில் காபிக்குக் கேஸும் களிக்கும் வெந்நீருக்கும் விறகுமாக இரண்டும் ஓடுகின்றன. மூடிய அறையில் எரியும் விறகின் புகைக்கு ஒன்பது இன்ச் ஃபேன் ஈடுகொடுக்காது. அந்த அடுப்பு திறந்த கொல்லைக்கோ, புகைக்குழாய் வைத்த தனி இடத்துக்கோ போக வேண்டும். புகைக்குழாய் உள்ள அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓட்டினால், மேலே போக வேண்டிய புகையைக் குழாய் வழியாகவே திரும்ப அறைக்குள் இழுத்துவிடும்.

இதே ஆபத்து கேஸ் கீசரிலும் உண்டு, இங்கே விளைவு உயிர் போகும் அளவுக்குக் கடுமையானது. மூடிய பாத்ரூமுக்குள் எரியும் கீசர், காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் வந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் போகும். அடுப்படி ஃபேன் வீட்டுக் காற்றை இழுக்கும்போது இது இன்னும் மோசமாகும். கேஸ் கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டித் தண்ணீரை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுபோவது தவிர வேறு நல்ல வழி இல்லை.

கேஸ் கசிந்த வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள். சுவிட்சின் பொறியே பற்றவைக்கப் போதும். தவிர எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், மேலே இருக்கும் ஃபேன் அதை எடுக்காது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

படுக்கையறைக் காற்றுக்கும் இந்த ஃபேனுக்கும் சம்பந்தமில்லை. அங்கே முதலில் நிறுத்த வேண்டியது கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. ஜன்னல் சாத்தி, சுருள் கொளுத்தி, குழந்தையைப் படுக்கவைக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். கொசுவலை போதும்.

மற்ற இரண்டும்

அடுப்படி வீட்டின் நடுவில் இருந்து, வெளிச்சுவரே இல்லை என்றால் சிம்னிதான் வழி. அதன் மோட்டார் பைப் வழியாகத் தள்ளும் திறன் கொண்டது. ஆறு இன்ச் பைப், முடிந்தவரை நேராக, வளைவு ஒன்று அல்லது இரண்டு மட்டும். அடுப்பிலிருந்து 26 முதல் 30 இன்ச் உயரம். வெளியே பைப் விடாமல், கரி ஃபில்டர் வழியாகக் காற்றை அறைக்கே திருப்பும் வகையை வாங்க வேண்டாம். நீராவியும் வெக்கையும் கார்பன் மோனாக்சைடும் அறையிலேயே தங்கும்.

ஏர் ப்யூரிஃபையர் ஹெபா ஃபில்டர் உள்ளதாக இருந்தால் துகளை நன்றாகவே பிடிக்கும். 10 அடிக்கு 12 அடி படுக்கையறைக்கு மணிக்கு 170 கன மீட்டர் சிஏடிஆர், அதாவது சுத்தம் செய்து வெளியே விடும் காற்றின் அளவு, வேண்டும். சாலைப் புழுதியால் ஜன்னல் திறக்க முடியாத வீட்டில், ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறைக்கு இது நியாயமான செலவு. ஆனால் அடுப்படியில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் ஃபில்டர் சீக்கிரமே வீணாகும். நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அது எடுக்காது. அறை அடைத்தே இருந்தால் காலையில் தலை கனக்கத்தான் செய்யும்.

காற்றின் தரம் காட்டும் சின்ன மீட்டர்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. பிஎம் 2.5 எண்ணை ஏற்ற இறக்கம் பார்க்க நம்பலாம், ஆனால் குக்கர் ஆவியையும் அது துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும். கார்பன் டை ஆக்சைடு காட்டும் மீட்டரில் என்டிஐஆர் சென்சார், அதாவது அந்த வாயுவையே அகச்சிவப்பு ஒளியால் அளப்பது, என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லாதவை வேறு வாயுவை அளந்து கணக்குப்போட்டு ஓர் எண்ணைக் காட்டுபவை.

கடைக்குப் போகும்போது அடுப்படியின் மூன்று அளவு, சுவரின் தடிமன், அடுப்பிலிருந்து வெளிச்சுவருக்கு உள்ள தூரம் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். ஜன்னலும் வாசலும் எந்தப் பக்கம் என்று ஒரு படமும் போட்டுக்கொள்ளுங்கள். துளை போட வரும் கொத்தனாருக்கும் அந்தப் படமே உதவும்.